மூத்த மக்களாட்சி எது?

“உலகின் மிகப் பழமையான மக்களாட்சி நாடு எது?” என்னும் வினா பொது அறிவு நூல்களில் தவறாமல் இடம்பெறும் ஒன்று. அரசுப் பணித் தேர்வுகளுக்கு ஆயத்தமாவோரின் கையேடுகளிலும், பள்ளி மாணவர்களின் வினாடி வினாப் போட்டிகளிலும் அதனைக் காண்கிறோம். வினா ஒன்றே, விடைகளோ பல. ஒரு நூல் கிரேக்கம் என்கிறது. மற்றொரு நூல் ஐஸ்லாந்து என்கிறது. சான் மரீனோ என்பாரும், இங்கிலாந்து என்பாரும், அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்பாரும், நியூசிலாந்து என்பாரும் உளர். அண்மைக் காலமாக இந்தியா என்னும் விடையும் உரத்து ஒலிக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் விடையை ஒற்றைச் சொல்லில் ஐயமின்றி உரைத்துவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர்.

இவ்விடைகளுள் ஒன்றனுக்கு மகுடம் சூட்டுவது நம் நோக்கமன்று. இவை ஒன்றோடொன்று முரண்படுவதன் காரணத்தை ஆராய்வதே நம் நோக்கம். ஒரே துணியை ஒருவர் முழம் போட்டு அளக்கிறார். மற்றொருவர் கெஜக்கோலால் அளக்கிறார். மூன்றாமவர் தராசில் இட்டு நிறுக்கிறார். மூவருக்கும் மூன்று கணக்குகளே கிடைக்கும். எவர் கணக்கையும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. மூவரும் ஒன்றையே அளந்தனர் என்று கொள்ளவும் இயலாது. மூத்த மக்களாட்சி பற்றிய வழக்கும் இத்தகையதே. அளவுகோலைத் தேர்ந்த அக்கணமே விடையும் தேர்ந்தாயிற்று. ஆதலின் விடைகளைச் சற்றே ஒதுக்கிவைத்து அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

இதனை ஏட்டளவிலான வீண் வழக்கென்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. தமக்குரிய உரிமை கிட்டவில்லையென்று வாயிலில் நின்று முறையிடுவோரைப் பார்த்து, “மக்களாட்சியை உலகுக்கே கற்பித்தவர்கள் நாங்கள், எங்களுக்கா பாடம் சொல்ல வந்தீர்கள்?” என்று கேட்டு வாயடைப்பதற்கு இப்பட்டம் நன்கு பயன்பட்டு வந்திருக்கிறது. பட்டம் எதைக் கொண்டு வழங்கப்படுகிறது என்பதை அறிந்தவரே அவ்வாறு வாயடைபடாமல் மறுமொழி கூற இயலும்.

சொல் பிறந்த ஊர்

முதல் அளவுகோல், சொல்லும் செயலும் முதன்முதலில் தோன்றிய இடம் எது என்பதாகும். இவ்வளவுகோலைக் கைக்கொள்வோர் ஏதென்ஸ் நகரைச் சுட்டுவர். கி.மு. 508-ஐ ஒட்டி கிளெய்ஸ்தெனீஸ் செய்த சீர்திருத்தங்களால், பிறந்த குலத்தைக் கொண்டன்றி வாழும் ஊரைக் கொண்டு குடிமக்கள் பகுக்கப்பட்டனர். 500 பேர் கொண்ட ஆட்சிக் குழுவினர் திருவுளச் சீட்டு முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். ஒருவர் தம் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அக்குழுவில் அமர இயலாது. நீதிமன்றத்தில் நடுவராக அமர்ந்த ஏழைக்கு அன்றாடப் படி வழங்கும் வழக்கத்தைப் பெரிக்ளீஸ் கொண்டுவந்தார். அன்றாடம் உழைத்து உண்பவன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஊர்க்காரியம் பார்க்க வேண்டுமாயின் அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. இதன் அருமையை நாம் குறைத்துக் கூறுவதற்கில்லை.

ஆயினும் அந்நகரில் பெண்களுக்கு வாக்கில்லை, அடிமைகளுக்கு வாக்கில்லை, வெளியூரிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோருக்கும் வாக்கில்லை. கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் கொணர்ந்த சட்டப்படி தந்தை, தாய் இருவரும் ஏதென்ஸ் குடியினராக இருந்தாலன்றி ஒருவர் குடிமகனாக முடியாது. அந்நகரின் அரசியலை நமக்கு விளக்கியவர்களுள் தலையாயவர் அரிஸ்டாட்டில். அவரோ ஸ்டகிராவில் பிறந்தவர். மாணவராகவும் ஆசிரியராகவும் பல்லாண்டுகள் ஏதென்ஸில் வாழ்ந்தும் அந்நகர மன்றத்தில் கை உயர்த்தும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. மக்களாட்சியை ஆராய்ந்தவரே அதன் மதிலுக்கு வெளியே நின்றுதான் ஆராய்ந்தார். கி.மு. 322-இல் மக்கெதோனியப் படைத்தலைவர் ஆண்டிபாட்டர் அந்நகரைப் பணியவைத்து, 2,000 திராக்மா சொத்துடையவருக்கே குடியுரிமை என்று வகுத்தபோது அவ்வாட்சி முறை முறிந்தது. இன்றைய கிரேக்க நாட்டை அதன் இடையறாத தொடர்ச்சியாகக் கருதுவதற்கு வரலாறு இடந்தரவில்லை.

ஆக, சொல்லுக்குத் தாய்வீடு ஏதென்ஸ் என்பதில் ஐயமில்லை. சொல்லின் வயதைக் கொண்டு பொருளின் வயதைக் கணிக்கலாமா என்பதே ஐயம்.

மன்றத்தின் வயது

இரண்டாவது அளவுகோல், மக்கள் மன்றத்தின் வயது. இதன்படி ஐஸ்லாந்து முன்னிற்கிறது. கி.பி. 930-இல் திங்வெல்லிர் என்னும் பாறைச் சமவெளியில் ‘அல்திங்’ என்னும் பொதுமன்றம் கூடத் தொடங்கிற்று. சட்டம் எழுத்தில் இல்லாத காலம் அது. ‘சட்டம் உரைப்போர்’ என்னும் பதவியிலிருந்தவர் பாறைமேல் நின்று, சட்டங்களில் மூன்றிலொரு பங்கை ஆண்டுதோறும் மனப்பாடமாக ஓதி, மூன்றாண்டுகளில் முழுவதையும் மக்கள் செவியில் ஏற்றினார். சட்டம் இன்னதென்று அறியும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்னும் கொள்கை இதனுள் அடங்கியிருக்கிறது.

அம்மன்றத்தில் சட்டம் இயற்றும் வாக்கு ‘கோதி’ எனப்பெற்ற குடித்தலைவர்களுக்கே இருந்தது. 1262 முதல் 1264 வரையான ஆண்டுகளில் நாடு நார்வே மன்னருக்குப் பணிந்தது. பின்னர் மன்றம் பெரும்பாலும் வழக்காடு மன்றமாகச் சுருங்கியது. 1800-இல் அதுவும் கலைக்கப்பட்டது. 1845-இல்தான் புதிய உருவில் ரெய்க்யவிக் நகரில் மீண்டும் கூடிற்று. 930-லிருந்து எண்ணுவோர் இந்த 45 ஆண்டு இடைவெளியை ஒரு பெருமூச்சில் கடந்துவிடுகின்றனர்.

இடைவெளியே எங்களுக்கு இல்லை என்பது மான் தீவினர் கூறும் பெருமை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையேயுள்ள அச்சிறு தீவு, தனி நாடாக அன்றி பிரித்தானிய முடியின் ஆட்சிக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதியாக விளங்குகிறது. அதன் ‘டின்வால்ட்’ மன்றத்திற்கு ஆயிரமாண்டு நிறைவு விழாவை 1979-இல் கொண்டாடினர். அம்மன்றத்தின் ஓர் அவையாகிய ‘கீஸ்’ 24 உறுப்பினர்களைக் கொண்டது. அவர்களை நெடுங்காலம் தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள் அல்லர். ஓர் இடம் காலியானால் எஞ்சியிருந்த உறுப்பினர்களே இருவர் பெயரைக் குறிப்பர். ஆட்சியாளர் அவ்விருவருள் ஒருவரை ஏற்பார். 1864-இல் ‘ஐல் ஆஃப் மேன் டைம்ஸ்’ ஏட்டின் ஆசிரியர் ஜேம்ஸ் பிரௌன் அவையைக் குறைகூறி எழுதினார் என்பதற்காக அவ்வவையே அவரைச் சிறையிலிட்டது. இலண்டன் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர் வெளிவந்தார். 1866-இல் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டு, 1867-இல் முதல் தேர்தல் நடந்தது. இடையறாத தொடர்ச்சி இங்கு உண்மைதான். தொடர்ந்து வந்தது எது? அவை தொடர்ந்தது, மக்கள் 1867-இல் வந்தனர்.

அரசியலமைப்பின் வயது

மூன்றாவது அளவுகோல், முறியாது நிலவும் அரசியலமைப்பு. இதில் சிறியதொரு நாடும் பெரியதொரு நாடும் போட்டியிடுகின்றன. இத்தாலி நாட்டால் நாற்புறமும் சூழப்பெற்ற சான் மரீனோவில் 1243 முதல் ஆறு மாதங்களுக்கொருமுறை இரு தலைவர்கள் பொறுப்பேற்று வருகின்றனர். அதன் சட்டத் தொகுப்பு 1600-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒருவரையொருவர் கண்காணிக்க இருவர், நிலைத்துவிடாதிருக்க ஆறே மாதம் என்னும் ஏற்பாடு எந்நாட்டவரும் வியக்கத்தக்கதே. ஆயின் அந்நாட்டுப் பேரவையும் காலப்போக்கில் தன் உறுப்பினர்களைத் தானே நியமித்துக்கொள்ளும் குழுவாகிவிட்டது. 1906 மார்ச் 25 அன்று குடும்பத் தலைவர்கள் ஒன்றுகூடி முடிவெடுத்த பின்னரே பேரவைக்குத் தேர்தல் மீண்டது. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் சட்டம் 1959-இலும், தேர்தலில் நிற்கும் உரிமை 1973-இலும் வந்தன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பு 1787-இல் வரையப்பெற்று 1789-இல் செயலுக்கு வந்தது. எழுதப்பெற்று இன்றளவும் நடப்பிலுள்ள தேசிய அரசியலமைப்புகளுள் அது மிகப் பழையவற்றுள் ஒன்று என்பதை எவரும் மறுக்கவில்லை. அதே ஏட்டில், மக்கள் தொகையைக் கணக்கிடுகையில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுக என்னும் விதியும் இருந்தது. அடிமைக்கு வாக்கில்லை, அவன் தலையை எண்ணி அவனை உடைமையாக வைத்திருந்தவனின் மாநிலத்திற்குக் கூடுதல் உறுப்பினர்கள் அளிக்கப்பட்டனர். 1870-இல் நிறத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுத்தல் ஆகாது என்னும் திருத்தம் நிறைவேறியது. ஆயினும் தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி ஆகிய பூட்டுகளைப் போட்டு அக்கதவை மூடிவைத்தன. 1920-இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1924-இல் மண்ணின் மைந்தர்களாகிய செவ்விந்தியர் அனைவரும் குடியுரிமை நிலையில் ஏற்கப்பெற்றனர் என்று சட்டம் கூறினாலும், மாநிலங்கள் சில அதன் பின்னும் செவ்விந்தியருக்கு வாக்கு மறுத்தன. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வாக்காளர் பட்டியலில் ஏற முடிந்தது. அரசியலமைப்புக்கு வயது இருநூற்றுக்கு மேல். கறுப்பின மூதாட்டி ஒருவர் அச்சமின்றி வாக்குச் சாவடிக்குச் சென்ற ஆட்சிக்கு வயது அதில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு.

‘தாய்’ என்னும் பட்டம்

இங்கிலாந்தை ‘நாடாளுமன்றங்களின் தாய்’ என்று புகழ்வது வழக்கம். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தையே அப்பெயரால் குறிப்பாரும் உளர். இத்தொடரைப் பரவச் செய்தவர் ஜான் பிரைட் என்னும் சீர்திருத்தவாதி. 1865 ஜனவரியில் பர்மிங்காம் நகரில் ஆற்றிய உரையில் அவர் அதனைக் கையாண்டார். அவர் சுட்டியது நாடாளுமன்றக் கட்டிடத்தையன்று, இங்கிலாந்து நாட்டை. அதைவிடக் கருதத்தக்கது அவர் அதனை எதற்காகக் கூறினார் என்பது.

பிரைட் அன்று வாக்குரிமையை விரிவாக்கக் கோரிக் கொண்டிருந்தார். ஆங்கிலேயன் ஒருவன் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ சென்றால் வாக்களிக்கலாம். தான் பிறந்து, உழைத்து, வியர்வை சிந்திய சொந்த மண்ணில் மட்டும் அவனுக்கு வாக்கு இல்லையே என்பது அவர் வாதம். தாயென்று பெயர் பெற்றவள் தன் வயிற்றுப் பிள்ளைகளையே பட்டினி போடலாமா என்று இடித்துரைக்கப் பிறந்த தொடர், பின்னாளில் தற்புகழ்ச்சியாக மாறிவிட்டது. பட்டங்களின் வரலாற்றில் இதனினும் வியப்பான மாற்றம் காண்டல் அரிது.

பிரைட்டின் சினத்திற்குக் காரணம் இருந்தது. 1832-க்கு முன்னர், குடியிருப்பாரற்ற வெறும் மேடாகிய ஓல்ட் சாரம் இரு உறுப்பினர்களை அனுப்பிற்று. ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர் நகருக்குத் தனி உறுப்பினர் ஒருவரும் இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அக்கேட்டினைக் களைந்தது. அதே சட்டம்தான் வாக்காளர் ‘ஆண்’ ஆக இருத்தல் வேண்டும் என்பதை முதன்முறையாக வெளிப்படையாக எழுதி வைத்தது. 1918-இல் 30 வயது கடந்த பெண்களுள் சொத்துத் தகுதியுடையோரும், 1928-இல் ஆண்களுக்கு நிகராக எல்லாப் பெண்களும் வாக்குரிமை பெற்றனர். 1215-லிருந்து தன் வயதை எண்ணும் நாட்டில், சரிபாதி மக்கள் முழுமையாக உள்ளே வந்தது 1928-இல்.

இளையவர்களின் உரிமைக் கோரிக்கை

மன்றத்தின் வயதையும் ஏட்டின் வயதையும் விடுத்து, அனைவருக்கும் வாக்கு கிட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது நான்காவது அளவுகோல். நமக்கு இது ஏனையவற்றினும் நேர்மையானதாகத் தோன்றுகிறது. இதன்படி வரிசை தலைகீழாகிறது. கேட் ஷெப்பர்ட் என்னும் பெண்மணியின் தலைமையில் ஏறத்தாழ 32,000 பெண்கள் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை அடுத்து, 1893 செப்டம்பரில் நியூசிலாந்து பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. மாவோரி ஆண்கள் 1867-லேயே தனித் தொகுதிகளில் வாக்குப் பெற்றிருந்தனர். மாவோரிப் பெண்களும் 1893-இல் சேர்க்கப்பட்டனர். 1291-லிருந்து வயது சொல்லிக்கொள்ளும் சுவிட்சர்லாந்தோ, 1959-இல் ஆண்கள் மட்டுமே வாக்களித்த பொது வாக்கெடுப்பில் பெண்களின் உரிமையை மறுத்தது; 1971-இல்தான் இசைந்தது. அந்நாட்டின் அப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் மாவட்டத்தில் திறந்தவெளி மன்றத்திற்கு ஆண்கள் இடைவாள் அணிந்து வருவர். அவ்வாளே வாக்குரிமையின் அடையாளம். அங்குப் பெண்கள் உள்ளூர் வாக்குரிமை பெற 1990-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியதாயிற்று. ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்னும் நம் பழமொழி இங்கு நினைவுக்கு வருகிறது.

பழமொழியோடு நின்றுவிடலாமா எனில், அதற்கும் இடமில்லை. நியூசிலாந்துப் பெண் 1893-இல் வாக்களித்தாள். தேர்தலில் நிற்கும் உரிமையை 1919-இல்தான் பெற்றாள். நாடாளுமன்றத்திற்கு முதற்பெண் தேர்வானது 1933-இல்.

மற்றொரு சான்று நம் வாசகர்கள் பலர் பெருமையோடு எடுத்துக் கூறுவது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கி, 1934-லேயே பெண்களுக்குத் தேசியத் தேர்தல்களில் முழு வாக்குரிமை அளித்தது. பிரெஞ்சுப் பெண்கள் அதனை 1944 வரை பெறவில்லை. புரட்சியின் தாயகமான பாரிஸ், அங்காராவுக்குப் பத்தாண்டுகள் பின்தங்கியிருந்தது என்பது உண்மையே. பெருமைக்குரிய இவ்வுண்மையோடு பிறிதோர் உண்மையையும் நாம் சேர்த்தே கூற வேண்டும். 1934-இல் துருக்கியில் ஒரே கட்சியின் ஆட்சி நடந்தது. பல கட்சிகள் போட்டியிட்ட பொதுத் தேர்தல் 1946-இல் நடந்தது. தேர்ந்தெடுப்பதற்கு இரண்டாமவர் இல்லாதபோது வாக்குச் சீட்டு எத்துணைப் பேர் கையில் இருந்தும் பயன் யாது? பிறர் பெருமையைத் தட்டிப் பார்க்கும் அதே விரலால் நமக்கு உவப்பான பெருமையையும் தட்டிப் பார்ப்பதே திறனாய்வு.

இவ்வளவுகோலின் பெருங்குறை மற்றொன்று. கதவு திறந்த நாளை மட்டும் அது குறிக்கிறது. பின்னர் மூடப்பட்ட நாளைக் குறிப்பதில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1776-இல் குறித்த அளவு சொத்துடைய குடியிருப்போர் எல்லாருக்கும் வாக்களித்தது. பெண்களும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அதில் அடங்குவர். 1807-இல் அம்மாநிலமே அவ்வுரிமையைப் பறித்து, வெள்ளை ஆண்களுக்கு மட்டுமென்று ஆக்கிற்று.

நமக்கு மிக அண்மையிலும் இவ்வாறு நடந்தது. ‘ஆசியாவின் மிகப் பழைய மக்களாட்சி’ என்னும் பட்டத்தை இலங்கை உரிமை கொண்டாடுவதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1931-லேயே ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை அங்கு நடைமுறைக்கு வந்தது. இந்திய வம்சாவளியினருக்குச் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டும், தேயிலைத் தோட்டத் தமிழருள் பெருந்தொகையினர் வாக்காளர் ஆயினர். 1947-இல் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். நாடு விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு அவர்தம் வாக்கு நீக்கப்பட்டது. 1964-இல் கைச்சாத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை எவரும் கேட்டிலர். எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கட்டிற்று. 1931-லிருந்து வயது எண்ணுவோர், கொழுந்து பறித்த அத்தாய்மார்களின் அரை நூற்றாண்டை எந்தக் கணக்கில் எழுதுவர்?

நம் வீட்டு யானை

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக் கூறினார். 2023-இல் ஜி-20 மாநாடு டெல்லியில் நடந்தபோது, ‘மக்களாட்சியின் தாய்’ என்னும் பெயரில் கண்காட்சியே அமைக்கப்பட்டது. வைசாலியை ஆண்ட லிச்சவிகளின் கணசங்கமும், முதற்பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலையும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம் என ஓராண்டுக் காலத்திற்கு வாரியங்கள் அமைத்தனர். இன்றும் நாம் மின்சார வாரியம், வக்பு வாரியம் என்று வழங்கும் சொல்லின் பழமை இது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்னும் விதி நம்மைத் தலைவணங்கச் செய்கிறது. பொதுப்பொருளை அமானிதமாகக் கருதிய உள்ளம் அதனுள் தெரிகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும், கணக்குக் காட்டாதவரை ஒதுக்கிவைக்கும் துணிவு நம் சங்கங்களுக்கும் கழகங்களுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

அதே கல்வெட்டு, கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரை வயதும், வேதப் பயிற்சியும் உடையவரே குடவோலைக்குரியவர் என்கிறது. அது பிராமணர்க்கு வழங்கப்பெற்ற ஊரின் சபை. அவ்வேரியைத் தூர் வாரியவர், அந்நிலத்தை உழுதவர், அவர்தம் மனைவியர் எவர் பெயரும் அக்குடத்திற்குள் விழவில்லை. நன்கு செதுக்கப்பெற்ற ஊராட்சி விதி அது. ஊரார் அனைவரின் ஆட்சியன்று.

வைக்கம் முகம்மது பஷீர் 1951-இல் எழுதிய ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ என்னும் நாவலை நம் குடும்பங்களில் படித்தோர் பலர். பாட்டனாரின் யானையைச் சொல்லிச் சொல்லிப் பெருமை கொண்ட வீட்டில், அந்த யானை வெறும் குழியானைப் பூச்சிதான் என்னும் ஏளனம் இறுதியில் வந்து விழுகிறது. உத்தரமேரூர் குழியானையன்று, மெய்யான யானையே. ஆனால் அந்த யானைமேல் அமர்ந்தவர் யார், கீழே நடந்தவர் யார் என்று கேளாமல் பெருமை பேசினால் நாமும் அவ்வீட்டாரைப் போலாவோம்.

நம் நாடு மெய்யாகவே நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க ஆண்டு வேறொன்று உண்டு. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்தும் கல்வியும் பார்த்து ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கே வாக்கு இருந்தது. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் வாக்காளர் தொகை 17 கோடியைத் தாண்டிற்று. நிலமுடையவன், நிலமற்றவன், படித்தவன், பாமரன், ஆண், பெண் என்னும் பேதமின்றி ஒரே நாளில் கதவு திறந்தது. இங்கிலாந்து 1832 முதல் 1928 வரை படிப்படியாக ஏறிய மாடியை நாம் ஒரே அடியில் ஏறினோம்.

அப்போதும் ஒரு குறை நேர்ந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் கூறித் தம் பெயரைக் கூற மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சட்டம் அவர்களை அழைத்தது. வீட்டு வழக்கம் அவர்தம் பெயரை மறைத்தது. மக்களாட்சியின் வாயிலைச் சட்டமன்றம் மட்டுமன்றி வீட்டுத் தலைவாசலும் அடைக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

“பண்டையோரை இன்றைய அளவுகோலால் அளப்பது நீதியாகுமா?” என்று சிலர் வினவக்கூடும். தக்க வினாவே. கிளெய்ஸ்தெனீஸையும் உத்தரமேரூர்ச் சபையோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் கருத்தன்று. அவர்கள் தம் காலத்தில் இயன்றதைச் செய்தனர். ஆனால் பட்டத்தைக் கோருவோர் பண்டையோர் அல்லர், இன்றுள்ளோரே கோருகின்றனர். இன்றைய பெருமைக்காக நேற்றைய சாதனையை எடுத்து வருவோர் இன்றைய கேள்விக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவராவர். அன்றியும் இக்கேள்வி இன்று புதிதாக முளைத்ததன்று. பிரைட் 1865-இல் கேட்டார். நியூசிலாந்துப் பெண்கள் 1893-இல் ஒப்பமிட்டுக் கேட்டனர். ஜேம்ஸ் பிரௌன் சிறை சென்று கேட்டார். வெளியே நின்றவர் எக்காலத்திலும் கேட்டுக்கொண்டேதான் இருந்தனர்.

ஆகவே பொது அறிவு நூல்களை எழுதுவோர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே: வினாவை மாற்றுங்கள். எந்நாடு முதலில் மன்றம் அமைத்தது என்பதோடு நில்லாமல், அம்மன்றத்துள் கடைசியாக நுழைய விடப்பட்டவர் யார், எந்த ஆண்டில், நுழைந்தவர் இன்றும் உள்ளே இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்போது இங்கிலாந்துக்கு 1928 என்றும், அமெரிக்காவுக்கு 1965 என்றும், சுவிட்சர்லாந்துக்கு 1971 என்றும், இலங்கைக்கு 2003 என்றும் மாணவர் எழுதுவர். நம் நாட்டுக்கு 1952 என்று எழுதுமுன், பெயரற்றுப் போன அந்த 28 லட்சம் பெண்களையும் நினைப்பர். வாக்காளர் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் தம் வீட்டுப் பெண்டிர், முதியோர், அண்டை வீட்டார் பெயர்கள் அதில் உள்ளனவா என்று பார்க்கும் பழக்கமும் அவர்களுக்கு உண்டாகும். மூப்புப் பட்டத்தை எந்நாடு பெற்றாலும் பெறட்டும். அப்பட்டியலைப் படித்துப் பார்ப்பது நம் வேலை.